அடுப்பிலிருந்த சட்டியில் என்ன இருந்தது?

சாமியார் முதலில் கேட்டது வேறு. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் அந்த அறைக்குள் ஒருத்தன்தான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பிள்ளைக்கு எந்தக் கோயிலிலை ஞானஸ்நானம் குடுத்தது?” என்று இரண்டாம் தடவையும் கேட்டார் பிலேந்திரன் சாமியார். யாழ்ப்பாணத்துக்காரர். டிக்கோயாவைச் சுற்றியிருந்த பதினாறு தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரு பங்கு; அதற்குக் குருவாக வந்து இரண்டு வருஷம். குரல் மெல்லிசு. கேள்வி மட்டும் ஆணி மாதிரி இறங்கும்.

அந்தோணியாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். “இந்தக் கோயில்லதான் சாமி இருக்கணும். எம்மக ஆனைக்கல் தோட்டத்துலதான பொறந்தா. இவ அப்பா உசுரோட இருந்தாருன்னா நாளு கிழமையோட சொல்லியிருப்பாரு.”

“எப்ப பிறந்தவ?”

“முப்பத்தெட்டாம் வருசம், ஆடி மாசம்.”

சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் 1938ஆம் வருஷத்தைப் பிரித்து ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் விரலை ஓட்டினார். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், கொடுத்த குருவானவர் என்று வரிவரியாக இருந்தது. லூர்தம்மா என்கிற பெயர் மட்டும் எந்த வரியிலும் இல்லை.

“நீங்கள் பிறகு போயிருந்த திம்புள்ளைப் பக்கத்துக் கோயிலுக்கும் எழுதிக் கேட்டனான். அங்கையும் இல்லை. புதுநன்மை குடுக்கேக்கை, வேதம் படிப்பிக்கிற உபதேசியாரின்ரை வாய்ப்பேச்சை நம்பியிருக்கினம்.”

கல்யாணப் பெண் லூர்தம்மா நிமிர்ந்தாள். ஆனைக்கல்லில் கொழுந்து எடுப்பவள், பத்தொன்பது வயது, வாய் துடுக்கு.  “அப்ப நான் பத்து வருசமா பூசையில நாக்க நீட்டி நன்மை அப்பம் வாங்கினதெல்லாம் என்ன சாமி?”

“பயப்பட வேண்டாம் பிள்ளை. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாட்டில் ‘முந்திக் குடுக்காட்டில்’ எண்ட நிபந்தனையோடை இப்ப ஒருக்காக் குடுத்துவிடலாம். பத்து நிமிஷ வேலை. வாற ஞாயிறே உங்கடை கலியாண அறிவிப்பு ஓலையை முதல் தரம் வாசிக்கலாம். ஆனால் தெரிஞ்சவை ஆரும் இருந்தால் இப்ப சொல்ல வேணும்.”

பத்து நிமிஷம். தரையைப் பார்த்து நின்ற மாப்பிள்ளை ராயப்பன் கணக்குப் போட்டான். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால், கல்யாணம் நடத்தாத தபசுகாலம் பிறப்பதற்கு முந்தின திங்கட்கிழமை தாலி கட்டலாம். இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், லூர்தம்மா அவனுடையவள். அவளை விரும்பின இரண்டு வருஷமாகவும் அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சு சாமி,” என்றான் ராயப்பன். “நான்தான் குடுத்தேன்.”

அந்தோணியாயி சிரித்துவிட்டாள். “என்ன மாப்பிள்ள, சாமிகிட்டப் போயி பகடி பண்றீங்க?”

சாமியார் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். “உமக்கு அப்ப எத்தினை வயசு?”

“பத்து.”

“இருந்து சொல்லும்.”

ராயப்பன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். ஆடி மாசத்து மழை, பிற்பகல். லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க மலையில், கொழுந்து எடுக்க. காலில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை குத்திப் புண்ணாகி, அவன் மட்டும் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் முடங்கிக் கிடந்தான். பக்கத்துக் காம்பராவில் அந்தோணியாயிக்குப் பிரசவ வலி. திடீரென்று தோட்டத்து மருத்துவச்சி காளியாயி வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். உள்ளே போனால் தாய்க்காரி பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறாள். பிள்ளை நீலம் பாரித்து, அழவே இல்லை. தகப்பன் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரைக் கூட்டிவர ஓடியிருந்தான். ‘டேய், ஒங்காளுங்க தண்ணி ஊத்தி என்னமோ சொல்லுவாங்களே, ஒனக்குத் தெரியுமா?’ என்று கேட்டாள் காளியாயி. தெரியும். உபதேசியார் அந்த மாசம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். சாகப் போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று.

“ஊத்தினதும் நீர், சொன்னதும் நீரோ? இல்லாட்டில் ஒராள் ஊத்த மற்றாள் சொன்னதோ?”

“ரெண்டும் நான்தான் சாமி.”

“தலையிலை பட்டு ஓடினதோ?”

“ஓடிச்சு. காது வரைக்கும்.”

“என்ன சொன்னனீர்?”

ராயப்பன் கைகட்டி, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒப்பிப்பது போலச் சொன்னான். “பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் பண்ணுகிறேன்.”

 அடுத்த ஆணி இறங்கியது. “ஊத்தினது என்ன?”

“தண்ணி.”

“எங்கை எடுத்தனீர்?”

“அடுப்பு மேல இருந்த சட்டியில.”

சொன்ன பிறகுதான் ராயப்பனுக்கே உறைத்தது. லயத்துக் காம்பராவில் அடுப்பு மேல் இருக்கிற சட்டியில் என்ன இருக்கும்? காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் போட்ட தேயிலைத் தூள், அந்தி வரைக்கும் கொதித்துக் கொதித்துக் கறுத்துச் சாயமாகக் கிடக்கும். மழையில் நனைந்து வருகிறவனுக்கு அதுதான் உயிர். எந்த வீட்டிலும் அப்படித்தான்.

“சாயமா இருக்கும்,” என்றாள் அந்தோணியாயி, மெதுவாக.

“நிறம் எப்பிடி?”

“தெரியல சாமி. உள்ள இருட்டு. புகை வேற. வெதுவெதுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான் ஞாபகம்.”

சாமியார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “கேளுங்கோ, தெளிவாச் சொல்லுறன். அது தண்ணி எண்டால் ஞானஸ்நானம் செல்லும். பத்து வயசுப் பெடியன் குடுத்தாலும் ஒண்டுதான், நான் குடுத்தாலும் ஒண்டுதான். ஆனால் செல்லும் எண்டால் இவருக்கும் இவவுக்கும் தகப்பன் மகள் மாதிரி ஞான உறவு விழுந்திட்டுது. பிஷப் ஆண்டகை, மேற்றிராணியாரின்ரை உத்தரவு இல்லாமல் இந்தக் கலியாணம் செல்லாது. சாயம் எண்டால் சந்தேகம், ஐமிச்சம். நான் திருப்பிக் குடுக்க வேணும். தடையும் அவ்வளவு நிக்காது.”

“சாயம்தான் சாமி,” என்றாள் அந்தோணியாயி. இப்போது குரல் ஓங்கியிருந்தது.

“நீங்கள் அப்ப நினைவில்லாமல் கிடந்தனீங்கள் அம்மா,” என்றார் சாமியார். “கண்ணாலை கண்ட ஒரு சாட்சி வேணும். ஒண்டு போதும். ஆனால் அந்த ஆளிலை ஒருத்தரும் ஒரு குறை சொல்லப்படாது. அந்த மருத்துவச்சி உயிரோடை இருக்கிறாவோ?”

“உடப்புசல்லாவைப் பக்கம் மக வீட்டுல இருக்காங்க. ஆனா அவங்க நம்ம வேதம் இல்ல சாமி,” என்றான் ராயப்பன்.

“எந்த வேதம் எண்டு நான் கேக்கேல்லை. பொய் சொல்லுறவவோ?”

ராயப்பன் யோசித்துச் சொன்னான். “பொய் சொல்லிக் கேட்டதில்ல சாமி. உள்ளதச் சொல்லித்தான் பாதிப் பேரைப் பகைச்சிருக்காங்க.”

“வியாழக்கிழமை போவம்,” என்றார் சாமியார்.

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. அந்தோணியாயி யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்துவிட்டாள். ராயப்பனும் லூர்தம்மாவும் கார் ரோட்டில் எட்டடி இடைவெளி விட்டு நடந்தார்கள். அந்த எட்டடியை அவள்தான் உண்டாக்கினாள்.

“ரெண்டு வருசம்,” என்றாள் அவள். “ரெண்டு வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?”

“சொன்னா நீ கிடைக்க மாட்டியேன்னு.”

“இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு? சாமிதான் பத்து நிமிசம்னாரே.”

ராயப்பன் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டு மெஷின் பக்கம் நிற்கிறவன். சத்தத்துக்குள் வேலை செய்து செய்து பேச்சே குறைந்துபோன ஆள்.  “அதாம் புள்ள தாங்கல. பத்து வயசுல பயந்து நடுங்கிக்கிட்டு ஒரு காரியம் செஞ்சேன். நான் செஞ்சதிலேயே உருப்படியானது அதுதான். அது நடக்கவே இல்லைன்னு அவரு எழுதப் பாத்தாரு. நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?”

லூர்தம்மா நின்றாள். எட்டடியில் நாலடியைக் குறைத்தாள். “அப்ப நான் இனிமே உங்களை மச்சாங்கறதா, அப்பாங்கறதா?”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.

“சரி, மூஞ்சியத் தூக்காதீங்க. வியாழக்கிழமை நானும் வர்றேன். என் தலையில ஊத்தினது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தண்ணியா இருந்தா தண்ணி, சாயமா இருந்தா சாயம். கலியாணத்துக்காக என்னை ஒண்ணுமில்லாதவளா ஆக்கிறாதீங்க.”

வியாழக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் ஹட்டனில் பஸ் ஏறினார்கள். சாமியார் வெள்ளை அங்கிமேல் கறுப்புக் கோட்டும், கையில் குடையும், ஒரு தோல் பையுமாக முன் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க ஜெபமாலை உருட்டினார். நுவரெலியாவில் இறங்கி வேறு பஸ். குளிரில் பல் கிட்டிக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் ராயப்பன் மனசுக்குள் அந்தக் காம்பராவுக்குள் போய்ப்போய் வந்தான். புகை. அடுப்பு. சட்டி. அதற்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சாயமாக இருக்க வேண்டும் என்று ஒரு வளைவில் வேண்டிக்கொண்டான். அடுத்த வளைவில் அதற்காக வெட்கப்பட்டான்.

“உங்க அம்மா ஏன் வரல்ல?” என்று கேட்டான்.

“நேத்தே நானுஓயாவுக்குப் போயிட்டாங்க, சின்னம்மா வீட்டுக்கு. மனசு சரியில்லையாம்.”

உடப்புசல்லாவை ரோட்டில் இறங்கி, ஒன்றரை மைல் மேடேறினார்கள். லயத்துக் கோடியில் கடைசிக் காம்பரா. வாசலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கம்பளி தைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவளுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கெஞ்சிக்கொண்டிருந்தவள் அந்தோணியாயி.

ராயப்பன் சாமியாரைப் பார்த்தான். அவர் கண்ணில் எல்லாம் விழுந்துவிட்டது. 

காளியாயி தையலை நிறுத்தவில்லை. எழுபது வயதிருக்கும். ஒல்லி, நெட்டை. கை மட்டும் ஆம்பளைக் கை. “வாங்க சாமி. டேய் ராயப்பா, தலையில முடி கொட்டிருச்சேடா. இவதானா அந்தப் புள்ள? கிட்ட வா ஆத்தா.” லூர்தம்மாவின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “நல்லாத்தான் தேறியிருக்க. அன்னைக்கு நீ இருந்த இருப்புக்கு, கத்தரிக்காய் ஒன்னவிட அழகு.”

பிறகு சாமியாரை நேராகப் பார்த்தாள். “சாமி, இவ நேத்து வந்தவ. ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடல. ஒரே ஒரு சொல்லு சொல்லணுமாம். என்ன சொல்லுன்னு இவளையே கேளுங்க.”

அந்தோணியாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நான் கேக்கேல்லை,” என்றார் சாமியார். “அவ தாய். நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கோ. உங்கடை சாமியிலை சத்தியம் பண்ணுவீங்களோ?”

“மாரியாத்தாளை ஏன் இவ்வளவு தூரம் நடக்க விடணும்? என் வேலையைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். வேலையில நான் பொய் சொன்னா ஒரு உசுரு போயிரும். அதனால சொல்லிப் பழக்கமில்ல.”

சாமியார் பலகையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். ராயப்பனைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவன் இல்லாத மாதிரி கேள்வி தொடங்கியது.

“ஏன் இவரைக் கூப்பிட்டனீங்கள்?”

“புள்ள போயிரும்னு பட்டுச்சு. எங்காளு புள்ளையா இருந்தா ஆத்தாளுக்கு நேர்ந்து மஞ்சத்துணி முடிஞ்சிருப்பேன். இது உங்காளு புள்ள. உங்க சாமிக்கு எது உண்டோ அதச் செஞ்சு அனுப்பணும். எனக்கு அந்த வார்த்தை தெரியாது. இந்தப் பயதான் லயத்துல இருந்த ஒரே வேதக்காரன்.”

“அது உங்களுக்கேன்? பிள்ளையைக் காப்பாத்துறது மட்டுந்தானே உங்கடை வேலை?”

காளியாயி ஊசியைக் கம்பளியில் குத்திவைத்தாள். “சாமி, தாய்க்காரி கட்டை மாதிரி கிடக்கா. பொழைச்சு எந்திரிச்சா என்னைத்தான கேப்பா? ‘ஆத்தா, எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்தினீங்களா’ன்னு. எம்புத்திக்கு அது பெருசாத் தெரியலன்னு ஊத்தாம விட்டேன்னு சொல்லவா? அவ வயித்துல பொறந்தது. அவ கும்பிடுற சாமி. அவ கண்ணு முழிக்கிற வரைக்கும் அவளுக்குப் பதிலா நான்தான அங்க நிக்கிறேன்.”

முந்தானைக்குள்ளிருந்து ஒரு விம்மல் கேட்டது. சாமியார் அதை ஒரு சொல் விடாமல் எழுதினார். 

“இவர் எடுத்து ஊத்தினது என்ன அம்மா? அடுப்பிலை இருந்த சட்டியாம். தேயிலைச் சாயமோ?”

அவ்வளவுதான். கிழவி எழுந்து நின்றுவிட்டாள்.

“சாயமா? பேறு பாக்குற வீட்டு அடுப்புல, நான் இருக்கையில, சாயமா? இத எவ சொன்னா?” அந்தோணியாயியைப் பார்த்தாள். “இதத்தான் நேத்துலருந்து என்னைச் சொல்லச் சொல்ற. இது என்ன பேச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? புள்ள சாகக் கிடக்கையில நான் தேயிலை போட்டுக் குடிச்சுக்கிட்டு இருந்தேன்னு அர்த்தம்.”

“கோவப்படாதீங்கோ அம்மா. எப்பிடித் தெரியும் எண்டு சொல்லுங்கோ.”

“முப்பத்தோரு வருசம் சாமி. ஆனைக்கல்லுல மட்டும் அறுநூத்துச் சொச்சம் தலை. பேறு வீட்டுக்குள்ள நான் போனா முதல் வேலை, அடுப்புல இருக்குற சாயச் சட்டியத் தூக்கி வெளியில வாசல்ல வைக்கிறது. அப்புறம் அடுப்பு என்னுது. என் சட்டி, பீலியில விழுற ஊத்துத் தண்ணி, முக்காக் கொதியில்ல, முழுக் கொதி. வெள்ளைத் துணி போட்டு மூடி ஆற விடுவேன். கத்திக்கு, நூலுக்கு, எங்கைக்கு, புள்ள மேலுக்கு, எல்லாத்துக்கும் அந்தத் தண்ணிதான். டிஸ்பென்சரய்யா ஒருதடவ சொன்னாரு. நான் ஒருதடவயும் விட்டதில்ல. இதுக்காக ஆம்பளைங்க என்னை ஏசாத ஏச்சில்ல. காளியாயி நுழைஞ்ச வீட்டுல மழையில நனைஞ்சவனுக்குத் தேத்தண்ணி கிடையாதுன்னு கிண்டல் பண்ணுவானுங்க. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க இவளை.”

 ஆனைக்கல்லில் அந்தக் கிண்டலைக் கேட்காத காது கிடையாது. லூர்தம்மாகூடச் சின்னதாகத் தலையாட்டினாள்.

“அது உங்கடை வழமை,” என்றார் சாமியார், விடாமல். “அண்டைக்கும் அப்பிடித்தான் எண்டதுக்கு?”

“அன்னைக்கா?” காளியாயி ராயப்பன் பக்கம் திரும்பினாள். “இந்த நொண்டிப் பய உள்ள வரையில வாசல்ல இருந்த சாயச் சட்டிய உதைச்சுக் கொட்டிட்டுத்தான் வந்தான். புண்ணுக் கால்ல சூடு பட்டு ‘அம்மா’ன்னான். வாய மூடுடா, புள்ள கிடக்குதுன்னு அதட்டினேன்.”

ராயப்பனுக்குக் காலில் சுரீரென்றது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின சூடு. வாசற்படி, வழுக்கிய கால், மழைத் தண்ணீரோடு கலந்து ஓடிய கறுப்பு. அதை அவன் மறக்கவேயில்லை. அதையும் அடுப்புச் சட்டியையும் ஒன்றாக வைத்து யோசித்ததுதான் இல்லை. சாயம் வாசலில் கொட்டிக் கிடந்தது என்றால் அடுப்பில் இருந்தது வேறு.

சாமியார் அவனைப் பார்த்தார். “உமக்கு ஞாபகம் வருதோ?”

இல்லை என்று சொல்ல இன்னும் இடம் இருந்தது. கிழவியின் ஒற்றைப் பேச்சு, பழைய கதை, வயதாகிவிட்டது, யாருக்குத் தெரியும். அந்தோணியாயி முந்தானையை விலக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்தம்மா பார்க்கவில்லை, தேயிலைச் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வருது சாமி,” என்றான் ராயப்பன். “சாயம் வெளியில கொட்டிருச்சு. நான் ஊத்தினது இவங்க தண்ணி.”

“துணிய நான் விலக்கினேன், இவன் சிரட்டையில மோந்தான்,” என்றாள் காளியாயி. “கை நடுக்கம், வார்த்தை மட்டும் நடுங்கல. அவன் சொல்லி முடிச்சு ஒரு வெத்தலை மடிக்கிற நேரம் இருக்கும். புள்ள அழுதுச்சு. ஓடிவந்த இவ புருசன்கிட்ட அப்பவே சொன்னேன்; இவளைப் பயமுறுத்த வேணாம், தேறினப்புறம் நானே சொல்லிக்கிறேன்னாரு.”

சாமியார் எல்லாவற்றையும் எழுதி வாசித்துக் காட்டினார். “ ‘ஏறக்குறையப் பிற்பகல்’னு போடாதீங்க,” என்று திருத்தினாள் கிழவி. “மூணு மணிக் கொழுந்து நிறுக்க இன்னும் கொம்பு ஊதல. அப்படிப் போடுங்க.” அப்படியே போட்டார். பெருவிரலில் மை தடவி அழுத்தமாக ஒரு உருட்டு உருட்டினாள்.

“செல்லும்,” என்றார் சாமியார். “பத்தொன்பது வருஷமாச் செல்லும்.”

லூர்தம்மா திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. அது சந்தோஷமா துக்கமா என்று ராயப்பனுக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபட்டிருக்காது.

அந்தோணியாயிதான் முதலில் உடைந்தாள். “செல்லும்னா? கலியாணம்? மேற்றிராணியார் உத்தரவே குடுத்தாலும் லயத்து வாய யாரு சாமி மூடுறது? அப்பன் முறை ஆனவனுக்கு மகளக் கட்டிக் குடுத்தவன்னு எம்மூஞ்சில காறித் துப்பாதா? வேதக்காரங்கள விடுங்க, மத்தச் சனம் என்ன சொல்லும்?”

இதற்குச் சாமியாரிடம் சட்டம் இல்லை. 

“அடியே அந்தோணியாயி,” என்றாள் காளியாயி. “தண்ணி ஊத்தினவன் அப்பன்னா, தொப்புள்கொடி அறுத்தவ யாரு?”

“ஆத்தாதான்.”

“அப்ப நான் ஆனைக்கல்லு முழுக்க ஆத்தா. இந்த இருபது வருசத்துல அங்க தாலி கட்டினது முக்காவாசி ரெண்டு பக்கமும் எங்கையில விழுந்ததுங்க. அத்தனையும் அண்ணன் தங்கச்சியைக் கட்டியிருக்கா? வா, நாளைக்குக் காலையில பெரட்டுக் களத்துல நின்னு ரெண்டு பேரும் சொல்லுவோம். கண்டாக்கையா பேரு கூப்பிடக் கூப்பிட சோடி சோடியாப் பிரிச்சு விட்டுருவோம். இந்தப் பயலும் எங்கையிலதான் விழுந்தான். என் கணக்குல ரெண்டும் அண்ணன் தங்கச்சி, சாமி கணக்குல அப்பன் மக, இவங்கப்பன் ஒம்புருசனை மச்சான்னு கூப்பிட்டு உங்க வீட்டுல சோறு தின்ன கணக்குல அத்தை மகன், மாமன் மக. எந்தக் கணக்குக்குடி நீ பயப்படுற? எவளாச்சும் வாயத் தொறந்தா, காளியாயிகிட்ட முறை கேட்டுட்டு வான்னு அனுப்பு. அவ பொறந்த கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.”

லூர்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாமியாரின் தோள் குலுங்கியது. அவர் சிரித்து ராயப்பன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தோணியாயி அழுகையும் சிரிப்புமாக, “ஆத்தா, ஒங்க வாய்க்கு யாரு எதிர் நிப்பா,” என்றாள். அவளுக்கும் தெரியும். ஆனைக்கல்லில் ஒருத்தியும் நிற்கமாட்டாள்.

“ஆண்டகைக்கு இண்டைக்கே எழுதுறன்,” என்றார் சாமியார் எழுந்து. பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். அந்தக் கிழவிக்கு முன்னால் கை கூப்பினார். “முப்பது வருஷம் இந்தச் சட்டத்தைப் படிச்சனான் அம்மா. குறை சொல்ல ஏலாத சாட்சி எப்பிடி இருக்கும் எண்டு இண்டைக்குத்தான் கண்டனான்.”

“இருங்க சாமி, சாப்பிட்டுப் போகலாம்,” என்றாள் காளியாயி. “கையக் கழுவிட்டு உள்ள வாங்க. எல்லாரும்.”

உத்தரவுக்காகக் காத்திருந்தது பன்னிரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை வாசிக்கப்பட்டது. தடை இருக்கிறது, உத்தரவு கேட்டிருக்கிறது என்று சாமியாரே பீடத்தில் நின்று சொன்னார். மறைத்து வைக்கவில்லை. லயத்தில் இரண்டொரு வாய் திறந்தது. அந்தோணியாயி இடுப்பில் கைவைத்து, “உடப்புசல்லாவைக்குப் போயி முறை கேட்டுட்டு வா,” என்றதும் மூடிக்கொண்டது. ராயப்பன் உருட்டு மெஷினுக்கு முன்னால் நின்று நாளை எண்ணினான். பதின்மூன்றாம் நாள் கோயில் குசினியில் சமைக்கும் ஆண்டியப்பன் ஃபெக்டரி வாசலுக்கே வந்து, “சாமி வரச் சொன்னாரு. கடிதாசி வந்திருக்கு. முகம் நல்லாத்தான் இருக்கு,” என்றான்.

உத்தரவு வந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை லூர்தம்மாவைக் கோயில் வாசலில் நிறுத்தி, ஞானஸ்நானத்தில் பிள்ளைகளுக்குச் செய்கிற சடங்குகளில் விட்டுப்போனதையெல்லாம் சாமியார் செய்தார். நாக்கில் உப்பு வைத்தார். எண்ணெய் பூசினார். வெள்ளைத் துணி போட்டார். ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் வந்ததும் உபதேசியார் பழக்கதோஷத்தில் செம்பை நீட்டினார்.

“அதைத் தள்ளி வையும்,” என்றார் சாமியார். “தண்ணி திருப்பி ஊத்தப்படாது. அது எப்பவோ ஒழுங்கா நடந்த காரியம்.”

கடைசி வரிசையில் நின்ற ராயப்பன் தூணைப் பிடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை தாலி கட்டி முடிந்ததும் சாமியார் அவர்களை உள்ளே அழைத்து, 1938ஆம் வருஷத்துப் பக்கத்தின் அடியில் தான் எழுதிச் சேர்த்திருந்த வரியைக் காட்டினார். கொடுத்தவர்: ராயப்பன், வயது பத்து, ஆபத்து வேளையில். சாட்சி: காளியாயி, மருத்துவச்சி. ஞானஸ்நானம் பெற்றவர் கல்யாணம் முடித்தால் அதே வரியின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும் என்பது முறை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறித்தார். நாள், கோயில், மாப்பிள்ளை: ராயப்பன்.

காளியாயி புதுச் சேலை கட்டி, மகளோடு பஸ் ஏறி வந்திருந்தாள். எழுத்துத் தெரியாது. எட்டிப் பார்த்து, “என்ன போட்டிருக்கு?” என்றாள். லூர்தம்மா அவள் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள்.

“நேரம்?”

“கொம்பு ஊதுறதுக்கு முந்தின்னு போட்டிருக்கு ஆத்தா.”

“சரியாத்தான் எழுதியிருக்காரு,” என்றாள் காளியாயி.